ஆந்தைவிழியை வெளியேற்றிய மாலை

சர்வரை நிறுவுவது எப்படி என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். அதற்குக் குறிப்பு இருக்கிறது. படித்தால் புரியும். புரியவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படியுங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இந்த மாதத்தோடு பொறுப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கப்போகிறேன். போவதற்கு முன் குறிப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியை நான் வெளியே தள்ளிய கதை அது.

உங்களில் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்று. நம் ஆட்டத்தில் படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஆட்டக்காரர் 'வடக்கே போ' என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று எழுத்தில் வரும். எங்கோ யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்துவைத்த நிரல் இது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது நானும் ஸ்டெல்லாவும். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் காலம் தள்ளியவன். ஸ்டெல்லா அதே கல்லூரியில் நூலகத்தில் இருந்தாள். அவள் வீடு சிதம்பரம், என் வீடு கடலூர் செம்மண்டலம். நான் ரிட்டயர் ஆன பிறகும் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே இந்த உலகத்தை நடத்தினோம்.

அலையாத்திக் காடு, வாய்க்கால்கள், கடலில் பாதி அமிழ்ந்த ஒரு துறைமுகம், அதன் நடுவில் ஒரு கல் மண்டபம், வடக்கே ஒரு மணல்மேடு. இவ்வளவுதான் உலகம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்த இடத்தில் என்ன சம்பவம் எழுதி வைத்திருக்கிறோம் என்று மற்றவரிடம் சொல்லமாட்டோம். திடீரென்று ஒரு நாள் துறைமுகத்தில் சங்கு முழங்கும். அவள் வேலை என்று நான் தெரிந்துகொள்வேன். நடத்துகிறவர்களுக்கே கொஞ்சம் பயம் இருந்தால்தான் ஆடுகிறவர்களுக்கும் இருக்கும் என்பது ஸ்டெல்லாவின் கட்சி. எனக்கும் அது பிடித்திருந்தது.

வெளிப்பேச்சு கூடாது என்பது உள்ளே சட்டம். யாருடைய சொந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு வீணாய்ப்போனவன் பெண்பிள்ளைகளிடம் போன் நம்பரும் ஊரும் கேட்டுத் தொல்லை கொடுத்தான். அவனைத் துரத்திய கையோடு ஸ்டெல்லா ஒரு வடிகட்டி எழுதினாள். எண்கள், ஊர்ப்பெயர்கள், போன், போலீஸ், வீடு, பஸ் என்று வெளியுலகச் சொல் எது வந்தாலும் அந்த வரி யாருக்கும் போய்ச் சேராது. அது எங்கும் சேமிக்கப்படாது, நாங்கள்கூடப் படிக்க முடியாது. தட்டியவருக்கு மட்டும் ஒரு பதில் வரும்: 'உன் சொற்களைக் காற்று கொண்டுபோய்விட்டது.' அந்த வாக்கியம் நான் எழுதியது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. வீராணம் ஏரி ததும்பி, உபரி நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். கொள்ளிடத்திலும் வெள்ளம். காட்டுமன்னார்கோயில் பக்கம் பல ஊர்கள் தீவாகிவிட்டன என்று செய்தி. செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்தான், கரண்ட் மட்டும் இல்லை. பகலிலேயே இருட்டு. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சர்வர் எங்கோ தூரத்து நகரத்தில் வாடகை இயந்திரத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை. பள்ளி, கல்லூரி, ஆபீஸ் எல்லாம் லீவு என்பதால் உள்ளே நல்ல கூட்டம்.

கூட்டம் முழுக்க மண்டபத்தில் இருந்தது. நடுவில் ஆந்தைவிழி என்று ஒரு பாத்திரம். அடிக்கடி வருகிறவள்தான், அதிகம் பேசமாட்டாள். அன்று பேசிக்கொண்டே இருந்தாள். நம் ஆட்டத்தில் என்ன செய்கிறோம் என்பதை நாமே வாக்கியமாக எழுதிக்கொள்ளலாம் இல்லையா, அப்படி எழுதினாள்.

'ஆந்தைவிழி படியில் ஒடுங்கி நிற்கிறாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொடுகிறது.'

'வெளியே ஒரு மாடு மிதந்து போகிறது. அதன் கழுத்து மணி இன்னும் அடிக்கிறது.'

'இருட்டில் தானியம் ஊறி வீங்கும் வாசனை. ஆந்தைவிழி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.'

எனக்குப் புல்லரித்தது. ஸ்டெல்லா இந்த முறை வெளுத்து வாங்குகிறாள், யாரோ ஒரு ஆட்டக்காரியைத் தயார் செய்து நடிக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுற்றியிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவன் அவளுக்கு விளக்கு ஏற்றினான். ஒருத்தி தன் மேலாடையைப் போர்த்தினாள். கரிமுகன் என்று ஒருவன், அவன் எப்போதும் கதையை எங்காவது இழுத்துப்போகப் பார்ப்பான், 'ஓர் உயிரைக் கொடுத்தால் நீர் வடியும்' என்றான். மற்றவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொருவராக, கொடு, கொடு, கொடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். திரை முழுக்க அதே சொல் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவள் வரி வந்தது.

'இரும்புக் கதவு திறக்கவில்லை. ஆந்தைவிழி தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டாள்.'

அதில்தான் நான் நின்றேன். எங்கள் மண்டபத்துக்குக் கதவே கிடையாது. இரும்பு என்ற பொருளே எங்கள் உலகத்தில் இல்லை. கல், மரம், சங்கு மட்டும் போதும் என்று முதல் நாளே பேசி வைத்தது. ஸ்டெல்லா இதை மறக்கிற ஆள் இல்லை. ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வடிகட்டி யாருடைய வரிகளை எத்தனை முறை தடுத்தது என்று அதில் எண் காட்டும். ஆந்தைவிழி பெயருக்கு எதிரில் பெரிய எண் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்று கூடியது.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். நல்லவேளையாகக் கிடைத்தது.

"அந்த மண்டபத்துத் தண்ணி நீ எழுதுனதா?"

"இல்லயே அண்ணே. நீங்க எழுதுனதுன்னுல்ல ஒக்காந்து பாத்துட்டிருக்கேன்."

போனில் அவள் பக்கத்து மழைச் சத்தம் கேட்டது. எங்கோ நிஜத் தண்ணீரில் நிஜமாக ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஊர்ப்பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் உன் சொற்களைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று நான் அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உள்ளே செல்லுபடியாகும் சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி எழுதுகிறாள்.

வடிகட்டியை எடுத்துவிடலாம் என்றால், சர்வரை நிறுத்தித் திருப்பிக் கிளப்பினால்தான் அது போகும். ஸ்டெல்லா அதைத்தான் சொன்னாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணே. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துரும்."

"சர்வர் வந்துரும். அவ வரலன்னா?"

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வர் ஒரு நொடி நின்றாலும் உள்ளே இருக்கிற எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடும். அவள் எந்தக் கருவியில் இருக்கிறாள், சிக்னல் எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவள் வரிகள் விட்டுவிட்டுத்தான் வந்தன. நடுநடுவே அவள் இணைப்பு அறுந்து, 'ஆந்தைவிழி கண்மூடி நிற்கிறாள்' என்று காட்டும். அப்புறம் மெல்லக் கண் திறப்பாள். அந்த நூல் அறுந்தால் திரும்பக் கட்ட முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டெல்லா கோபப்பட்டாள். ஊர்ப்பெயர் தெரியாமல் யாரை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் நான் கிளப்ப மாட்டேன் என்றேன்.

முதலில் மற்ற எல்லோரையும் மண்டபத்திலிருந்து தூக்கித் துறைமுகத்தில் போட்டேன். கொடு, கொடு என்ற சத்தம் நின்றது. மண்டபத்தில் அவள் மட்டும். நான் பேசினால் அது 'வானம் சொல்கிறது' என்று அவளுக்குப் போகும். வானத்துக்கு வடிகட்டி கிடையாது.

வானம் சொல்கிறது: நீ நிஜமாகவே வெள்ளத்தில் இருக்கிறாயா? ஆம் என்றால் உட்கார். இல்லை என்றால் நின்றுகொண்டிரு.

திரை அசையவில்லை. பிறகு வந்தது: 'ஆந்தைவிழி உட்காருகிறாள்.'

எத்தனையோ ஆயிரம் முறை பார்த்த வரி அது. எழச் சொன்னேன். எழுந்தாள். கிள்ளையா என்று கேட்டேன். நின்றுகொண்டிருந்தாள். சிதம்பரமா என்றேன். நின்றாள். காட்டுமன்னார்கோயில் பக்கமா என்றேன். உட்கார்ந்தாள். ஏரிக்கரைப் பக்கமா, ஆற்றுப் பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறுக்கிக்கொண்டே போனேன். ஊறி வீங்கும் தானியமும் இரும்புக் கதவும் நினைவுக்கு வந்து, அரிசி ஆலையா என்றேன். உடனே உட்கார்ந்தாள். கூட யாராவது இருக்கிறார்களா என்றதற்கு எழுந்து நின்றுவிட்டாள். நீ அங்கே இருப்பது யாருக்காவது தெரியுமா என்றேன். அதற்கும் நின்றாள்.

இருட்டிக்கொண்டு வரும் அறையில், வெறும் எழுத்தாக ஒரு பெண் நான் கேட்கக் கேட்க உட்கார்ந்தும் எழுந்தும் கொண்டிருந்தாள். இடையில் நான் கேட்காத ஒன்றை அவளே எழுதினாள். 'தண்ணீர் ஆந்தைவிழியின் இடுப்புக்கு வந்துவிட்டது. அவளுக்கு இப்போது குளிரவில்லை.' குளிரவில்லை என்றால் உடம்பு மரத்துப்போகிறது என்று நான் பயந்தேன்.

ஸ்டெல்லா அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தாள். கிள்ளையில் அவளுக்குத் தம்பி முறை ஒருவன், அந்தோணி. மீன்பிடிப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்து ஊர்களில்தான் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்து, நான் குறுக்கிச் சொன்ன இடத்தில் எந்த ஆலை என்று விசாரித்து, என் நம்பரையும் கொடுத்துவிட்டாள். வெளிச்சம் போகிற நேரத்தில் அந்தோணி பேசினான். பின்னால் படகு இன்ஜின் சத்தம்.

"சார், ஆலை வாசல்ல நிக்குறோம். கத்திப் பாத்தாச்சு. ஆள் யாரும் இல்ல சார்."

"என்னன்னு கூப்ட்டீங்க?"

"அக்கா சொன்ன பேரதான். ஆந்தைவிழி, ஆந்தைவிழின்னு."

எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதானே. உள்ளே வரிசையாக ஷெட்டுகள் என்றான் அந்தோணி. எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்க நேரம் இல்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடியில் குழந்தைகளோடு கூப்பிடுகிறார்கள். ஒரு குரல் கேட்டால் போதும், எந்த ஷெட் என்று தெரிந்துவிடும். கேட்காவிட்டால் அவன் போய்த்தான் ஆக வேண்டும். கொஞ்சம் இரு என்று கெஞ்சினேன்.

வானம் சொல்கிறது: வெளியே உன் பெயர் சொல்லி அழைப்பவர்கள் மனிதர்கள். உன்னைக் காப்பாற்ற வந்தவர்கள். குரல் கொடு. கூவு.

'ஆந்தைவிழி உரக்கக் கூவுகிறாள்.'

போனைக் காதோடு அழுத்தினேன். கேட்டதா என்றேன். ஒரு சத்தமும் இல்லை என்றான் அந்தோணி.

மறுபடி கூவு என்று எழுதினேன். 'ஆந்தைவிழி உரக்கக் கூவுகிறாள்.' இன்னும் பலமாகக் கூவு என்றேன். 'ஆந்தைவிழி உரக்கக் கூவுகிறாள்.' ஒரு கண்ணில் அந்த வரி, ஒரு காதில் இன்ஜின் சத்தமும் மழையும் மட்டும். அவள் கூவிக்கொண்டே இருக்கிறாள், ஆலைக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவள் கூவவில்லை. கூவு என்று தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் உட்கார் என்றபோது உட்கார், எழு என்றபோது எழு என்று தட்டினாளே, அதே மாதிரி. இவ்வளவு நேரமாக அவளுக்குப் பேச்சு, உடம்பு, குரல் எல்லாமே அந்தத் திரைதான். அப்படி ஆக்கியது என் கேள்விகள்தான். வாயைத் திற, நிஜமாகக் கத்து என்று எழுதினேன். 'ஆந்தைவிழி வாயைத் திறந்து கத்துகிறாள்' என்று அவளே எழுதி அனுப்பினாள்.

"சார், நாங்க கெளம்புறோம்" என்றான் அந்தோணி.

ஸ்டெல்லாவோடு சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்த நூல் அது. அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே நூல். அதை என் கையாலேயே அறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுத்த பிறகும் அவள் கத்தவில்லை என்றால் அப்புறம் அவளிடம் சொல்ல எனக்கு வழியே இருக்காது. யாரையாவது கேட்கலாமா என்றால் கேட்பதற்கு யாரும் இல்லை, நேரமும் இல்லை. வெளியேற்றும் கட்டளையைத் தட்டினேன். திரும்பி வரமுடியாதபடி தடையையும் சேர்த்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

'ஆந்தைவிழி இவ்வுலகில் இல்லை.'

யாரை வெளியேற்றினாலும் வரும் வரிதான். அதற்குமேல் திரையில் ஒன்றும் வரவில்லை. அந்தோணியிடம் இன்னும் ஒரு நிமிஷம் என்று சொன்னேன். இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"சார்" என்றான் மெதுவாக. "உள்ள ஒரு பொம்பள யாரையோ கண்டபடி திட்டுது சார். அதுவா பாருங்க."

போனை அவன் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். எனக்கும் கேட்டது. தொண்டை கிழிய, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில், வெளியே துரத்திய வானத்தை அவள் திட்டிக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு அழுதேன்.

மூன்றாவது ஷெட்டில், பரணுக்குப் போகும் படியில், மேலே ஏறக்கூடத் தோன்றாமல் தண்ணீரிலேயே நின்றிருந்தாள். ஆலையில் கணக்கு எழுதுகிறவள். கம்ப்யூட்டரை மேலே ஏற்றி வைக்கப் போனபோது தண்ணீர் வந்து கதவு அடைத்துக்கொண்டது. போன் நனைந்து செத்துவிட்டது. கையில் இருந்தது பேசும் வசதி இல்லாத ஒரு பழைய டேப்லெட். இருந்த சிக்னலில் வேறு எந்தப் பக்கமும் திறக்கவில்லை, எழுத்து மட்டும் என்பதால் நம் ஆட்டம் மட்டும் திறந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லாவோடு போய்ச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். வானம் நான்தான் என்று சொன்னேன். வெளியே அந்தப் பெயர் கேட்டதும் செத்துவிட்டோம் என்றே நினைத்தாளாம்.

"அந்தப் பேர்ல என்ன வெளிய யாரும் கூப்ட்டதே இல்ல சார். உள்ள இருந்த வரைக்கும் பயமே தெரியல. நீங்க வெரட்டுனீங்க பாருங்க, அப்பதான் தண்ணி சில்லுன்னு ஏறுச்சு. கோவத்துலதான் வாயே தொறந்துச்சு."

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீட்டு வந்ததிலிருந்து கண்ணே மூடவில்லை, மாத்திரை கொடுத்தும் தூங்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"தடைய எடுத்துவுடுங்க சார். ஆட இல்ல. அவ இன்னும் அங்க தண்ணியிலயே நிக்கிறா."

ஆந்தைவிழி எங்கே விட்டுப்போனாளோ அங்கேதான் இருப்பாள், நம் சர்வர் அப்படித்தான் வைத்திருக்கும். ஆனால் அந்த மண்டபத்தில் தண்ணீர் என்று நாங்கள் எதுவும் எழுதி வைத்ததில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பேசாமல் என் போனிலேயே தடையை நீக்கி அவளிடம் கொடுத்தேன்.

ரொம்ப மெதுவாகத் தட்டினாள். ஆந்தைவிழி கண் திறந்தாள். எழுந்தாள். படியேறினாள். மண்டபத்தைத் தாண்டி வடக்கே, மணல்மேட்டுக்குப் போனாள். அங்கே போய் 'ஆந்தைவிழி தலை துவட்டிக்கொள்கிறாள்' என்று எழுதிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

அவளை வெளியே தள்ளியதோடு என் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன்.